தகரமும் பசையும்: கண்டி வாகனப் பட்டறைகளில் ஒட்டு வேலையின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

தொழினுட்ப வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் புதிதாகக் கண்டுபிடித்தவர்களுக்கே முதலிடம் வழங்கி வந்துள்ளனர். எப்பொருளை யார், எந்நாட்டில், எவ்வாண்டில் ஆக்கினார் என்பதே அவர்தம் வினாவாக அமைகின்றது. ஆக்கப்பட்ட பொருள் பழுதுற்றபோது அதனை மீண்டும் இயங்கச் செய்தவர் யார் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. எமது நாடு போன்ற, இயந்திரங்களைத் தான் ஆக்காது பிற நாடுகளிலிருந்து பெற்றுப் பயன்படுத்திய நாடுகளைப் பொறுத்தவரை இப்புறக்கணிப்பு ஒரு பாரிய குறைபாடாகும். ஏனெனில், இங்கு இயந்திரத்தின் வரலாறு பெருமளவுக்கு அதன் திருத்தத்தின் வரலாறேயாகும்.

இக்கட்டுரை அத்தகைய திருத்த வேலைகளுள் மிகச் சிறியதொன்றினை எடுத்துக்கொள்கின்றது. துருப்பிடித்தோ மோதுண்டோ ஓட்டையான மோட்டார் வண்டியின் உடற்தகட்டினை உருக்கி இணைக்காது, பசையினால் ஒட்டுப் போட்டுச் சீர்செய்யும் வேலையே அது. கண்டி நகரிலும் அதனைச் சூழவுள்ள பேராதனை, கட்டுகஸ்தோட்டை, கம்பளை முதலிய இடங்களிலும் இவ்வேலை நடைபெறும் சூழலே ஈண்டு நோக்கப்படுகின்றது. இவ்வேலை செய்பவரைப் பட்டறை வழக்கில் ‘டின்கர்’ என்பர். கைதேர்ந்தவராயின் ‘டின்கர் பாஸ்’ என மரியாதையுடன் அழைப்பர். ‘பாஸ்’ என்னும் சொல் ஒல்லாந்தர் வழியாக இந்நாட்டு மொழிகளிற் புகுந்தது. மோட்டார் வண்டியே காணாத ஒரு காலத்தின் சொல், மோட்டார் வண்டியைத் திருத்துபவனுக்குப் பட்டமாக நிலைத்துவிட்டமை சுவையான செய்தியாகும்.

ஒட்டு வேலையினை வறுமையின் அடையாளமாகவும் அரைகுறைத் தொழிலாகவும் கருதுவோர் உளர். அக்கருத்து முழுமையாகத் தவறன்று. ஆயின் அது பாதி உண்மையே. ஓர் ஒட்டின் அடுக்குகளைச் சுரண்டிப் பார்ப்பின், அங்கே இந்நாட்டின் இறக்குமதிக் கொள்கையும், அந்நியச் செலாவணி நெருக்கடியும், பெயர் பதியப்படாத தொழிலாளரின் அறிவும் ஒன்றன்மேலொன்றாகப் படிந்திருப்பதைக் காணலாம் என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

1. பாதையும் பட்டறையும்

1815ஆம் ஆண்டிற் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. அடுத்த பத்தாண்டில், தேசாதிபதி எட்வேட் பான்சின் ஆட்சிக் காலத்தில், கொழும்பு - கண்டிப் பாதை அமைக்கப்பட்டது. படைநடத்தும் நோக்குடன் எழுந்த அப்பாதை விரைவிலேயே கோப்பி மூடைகளைச் சுமக்கும் பாதையாயிற்று. அதனை அமைத்த பொறியியலாளரான கப்டன் டோசனின் நினைவாகக் கடுகண்ணாவையில் 1832இல் எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் உளது. பாதையை வெட்டிய கூலியாட்களுக்கு அத்தகைய கோபுரம் எதுவும் இல்லை.

மாட்டுவண்டிகள் கோப்பியை ஏற்றி இறக்கிய காலத்திலேயே கண்டியிற் பொறித்திருத்தத்தின் தேவை எழுந்தது. 1854ஆம் ஆண்டில் யோன் வாக்கர் என்னும் ஸ்கொத்லாந்தியர் கண்டியிற் பொறியியற் பட்டறை ஒன்றினைத் தொடங்கினார். கோப்பிப் பழத்தின் தோலை நீக்கும் இயந்திரங்கள் அங்குச் செய்யப்பட்டன. பிற்காலத்தில் நாடெங்கும் அறியப்பட்ட பெரிய நிறுவனமொன்றின் தோற்றுவாய் அதுவே. 1867இற் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. கோப்பி நோயுற்று அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. தேயிலைத் தொழிற்சாலைகளின் உலர்த்திகளும் உருட்டிகளும் பெருமளவுக்குப் பிரித்தானியாவிலிருந்து வந்தன. அவற்றைப் பேணுவதும் திருத்துவதுமே பெரும்பாலும் இங்கு நடைபெற வேண்டிய வேலைகளாயிருந்தன.

1902ஆம் ஆண்டில் இலங்கைக்கு மோட்டார் வண்டி வந்தபோது இந்த உறவுமுறை ஏற்கெனவே நிலைபெற்றிருந்தது. ஆக்கம் அங்கே, பேணல் இங்கே. குடியேற்ற நாட்டின் பொருளாதாரம் தன் தேவைக்கென்றே திருத்துநரை உருவாக்கியது, ஆக்குநரை உருவாக்கவில்லை. கண்டிப் பட்டறைகளின் பிறப்பினை இவ்வரையறையினுள் வைத்தே விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

2. மரபுக் கைவினையோடு தொடர்பு உண்டா?

கண்டிப் பிரதேசம் உலோகக் கைவினைக்குப் பெயர்பெற்றது. பிலிமத்தலாவைப் பகுதியின் பித்தளை வேலை இன்றும் வழிப்போக்கரைக் கவர்வது. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பணிப்பாளராயிருந்த ஆனந்த குமாரசுவாமி, இப்பிரதேசக் கம்மாளரிடையே பெற்ற அறிவைக் கொண்டே 1908இற் ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலை வெளியிட்டார். அரச ஆதரவு நீங்கியதும், ஆலைப் பொருள்களின் இறக்குமதி பெருகியதும் இக்கைவினைஞரை நலிவுறச் செய்தமையை அவர் வேதனையுடன் எடுத்துக்காட்டினார்.

அக்கைவினை மரபே இன்றைய மோட்டார்ப் பட்டறையில் தொடர்கின்றது எனக் கூறிவிடுவது எளிது; கேட்பதற்கும் இனிது. ஆயின் அது வரலாறாகாது. மரபுக் கம்மாளர் சாதியினாலும் இராசகாரிய முறையினாலும் வரையறுக்கப்பட்டவர். பட்டறைத் தொழிலாளியோ கூலிக்கு உழைப்பவர்; எச்சாதியினராகவும் எம்மொழியினராகவும் இருக்கக்கூடியவர். முன்னவர் நிலத்தோடு பிணைக்கப்பட்டவர், பின்னவர் நிலமற்றவர். இவ்வேறுபாட்டினை மறைத்துத் தொடர்ச்சியை மட்டும் பேசுதல் தகாது.

எனினும், கை அறியும் செய்தி ஒன்றுண்டு. மென்தகடு அடிக்க அடிக்க நீளும், நீண்டது இறுகும், இறுகியதை அனலிற் காய்ச்சினால் மீண்டும் இளகும். பித்தளைத் தட்டிற் பூவேலை செய்பவர் தகட்டினை நீட்டுகின்றார். நசுங்கிய வண்டித் தகட்டினை நிமிர்த்துபவர், மோதலால் நீண்டுவிட்ட தகட்டினைச் சுருக்கிப் பழைய வளைவுக்குக் கொணர்கின்றார். ஒருபுறம் தாங்குகட்டை, மறுபுறம் சுத்தியல்; கண்ணினும் மேலாக உள்ளங்கை மேடுபள்ளத்தை உணர்கின்றது. பொருளின் இயல்பு பொதுவாயிருத்தலால் அறிவும் ஒத்திருக்கின்றது, குலத்தொடர்பால் அன்று.

3. அனலும் ஈயமும்

பசை வருவதற்கு முன்னர் வண்டித் தகட்டின் ஓட்டையை அடைப்பதற்கு இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, ஒட்சிசன் - அசெற்றிலீன் சுவாலையினால் புதுத்தகட்டினை உருக்கி இணைத்தல். மற்றையது, ஈயமும் வெள்ளீயமும் கலந்த கலவையினை இளக்கிப் பூசிப் பள்ளத்தை நிரப்புதல்.

முதலாவது முறை உறுதியானது. ஆயின் மெல்லிய தகட்டிற்குக் கொடியது. வண்டியின் உடற்தகடு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரோ அதனினும் சற்றுக் குறைந்தோ தடிப்புடையது. மூவாயிரம் பாகையை மிஞ்சும் சுவாலை அதன்மேற் படும்போது தகடு விரிந்து, குளிரும்போது கோணிச் சுருங்கும். ஓட்டை அடைபட்டாலும் அதனைச் சூழ்ந்த பரப்பு அலையலையாகிவிடும். பெற்றோல் தாங்கிக்கோ ஆசன மெத்தைக்கோ அருகில் அனலைப் பயன்படுத்துவதும் ஆபத்தானது. அதனினும் முக்கியமாக, சுவாலைக்குரிய வாயு உருளைகளை வாங்கி வைத்திருக்க முதல் வேண்டும்.

இரண்டாவது முறை கண்ணுக்கு இனியது. ஏறத்தாழ எழுபது வீத ஈயமும் முப்பது வீத வெள்ளீயமும் கொண்ட கலவை 180 பாகைக்கும் 250 பாகைக்கும் இடையிற் பாகுபோலாகும். நிலை தவறாது அதனை மரத்தகட்டினால் தடவி உருவாக்குதல் வேண்டும். பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் தொழிலை அறிந்த எமது மக்களுக்கு இது முற்றிலும் அந்நியமானதன்று. ஆயினும், ஈயப்பொடியை அராவி மூச்சில் ஏற்றுக்கொண்ட தொழிலாளியின் உடல் அதற்கு விலை கொடுத்தது.

இதற்கிடையே வண்டியின் அமைப்பும் மாறிற்று. முற்காலத்து வண்டிகளிற் பாரத்தைத் தாங்கியது அடிச்சட்டமே. உடல் அதன்மேல் வைக்கப்பட்ட கூடு. முற்காலப் பேருந்துகள் பல மரச்சட்டத்தின்மேல் தகடு அறையப்பட்டவையாதலின், தச்சனும் தகரவேலையாளும் சேர்ந்து அவற்றைத் திருத்திவிடலாம். 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர் போன்ற சிறு கார்களிலோ தனிச்சட்டம் இல்லை. மடித்து இணைக்கப்பட்ட தகடுகளே ஒன்றுசேர்ந்து பாரத்தைத் தாங்கின. அதே ஆண்டில் வெளிவந்த லாண்ட் றோவர், போருக்குப் பின் பிரித்தானியாவில் நிலவிய உருக்குத் தட்டுப்பாட்டினால், அலுமினியக் கலப்புலோகத் தகடுகளைப் பெற்றது. இவ்விருவகை வண்டிகளும் மலையகப் பாதைகளிற் பெருவழக்காயின. அலுமினியத்தைச் சுவாலையால் இணைப்பது உருக்கை இணைப்பதினும் கடினம். நிறம் மாறி எச்சரிக்காமலே அது உருகி விழுந்துவிடும். ஆகவே, அனலற்ற ஒட்டு முறைக்கான தேவை இங்கு இயல்பாகவே தோன்றியிருந்தது.

4. பசையின் வரவு

பசை என்னும் பொருள் தமிழருக்குப் புதிதன்று. வட இலங்கைக் கரையோரங்களில் மரக்கலங்களின் பலகை இடுக்குகளைப் பஞ்சும் குங்கிலியமும் எண்ணெயும் கொண்டு அடைக்கும் ‘கலப்பற்று’ வேலை நெடுங்கால வழக்காகும். நாரும் பிசினும் சேர்ந்தால் நீரைத் தடுக்கும் உறுதி பிறக்கும் என்பது அவர்கள் கண்ட உண்மை. இருபதாம் நூற்றாண்டின் இரசாயனம் செய்ததெல்லாம் பஞ்சினிடத்தில் கண்ணாடி நாரையும், குங்கிலியத்தினிடத்தில் செயற்கைப் பிசினையும் வைத்தமையே எனின் அது மிகையாகாது.

கண்ணாடி நாரும் பொலியெஸ்ரர் பிசினும் 1930களில் ஐக்கிய அமெரிக்காவில் உருவாகின. இரண்டாம் உலகப் போர் அவற்றை வளர்த்தது. 1941இல் இங்கிலாந்தின் டக்ஸ்போட்டில் நோமன் டி புறுய்ன் என்பார் உலோகத்தோடு உலோகத்தை ஒட்டும் பசையினை ஆக்கினார்; விமானங்களின் தகடுகள் ஆணியின்றி ஒட்டப்படலாயின. 1946இற் சுவிற்சர்லாந்தின் சீபா நிறுவனம் ‘அரல்டைற்’ என்னும் எபொக்சிப் பசையைச் சந்தைக்குக் கொணர்ந்தது. 1953இல் முழு உடலும் கண்ணாடி நாராலான கோர்வெற் கார் அமெரிக்காவில் வெளிவந்தது. போர்க்கருவியாகப் பிறந்த பொருள், சிறு தகர டப்பாக்களில் அடைபட்டு உலகின் பட்டறைகளை அடைந்தது.

இலங்கையில் இப்பொருளைப் பரவலாக்கிய துறைகளுள் மீன்பிடிப் படகுத் தொழில் முதன்மையானது. நோர்வே நாட்டினரின் உதவியுடன் காரைநகரில் அமைந்த சீநோர் படகுத்தளம் கண்ணாடி நார்ப் படகுகளைக் கட்டியமையைப் பலரும் அறிவர். கலப்பற்று வேலை அறிந்த கரையிலேயே செயற்கைப் பிசினும் வந்திறங்கியது. கண்டிப் பட்டறைகளிலோ அது நிரப்புபசையின் வடிவிலேயே பெரிதும் வழக்கில் வந்தது. பொலியெஸ்ரர்ப் பிசினுடன் கல்மாத் தூள் கலந்த அப்பசையை ஒரு வணிகப் பெயரினால் ‘கட்டலோய்’ என்றே இன்றும் பட்டறைகளில் அழைப்பர். எந்நிறுவனத்தின் டப்பாவாயினும் பெயர் அதுவே.

இதன் கவர்ச்சிக்குக் காரணம் யாதெனில், இதற்கு மின்சாரமோ வாயு உருளையோ பெருமுதலோ வேண்டியதில்லை என்பதேயாகும். மரநிழலிலும் இவ்வேலை நடைபெறும். முதலற்றவன் தொழிற்பட வழி திறந்தது இப்பசையே. அதே வேளை, டப்பாவினுள் இருந்த பொருள் முற்றிலும் அந்நியப் பெற்றோலிய இரசாயனத் தொழிலின் விளைவு. தகட்டுக்கான தங்கியிருத்தல் நீங்கிப் பசைக்கான தங்கியிருத்தல் தோன்றியது.

5. வேலையின் இயல்பு

ஒட்டு வேலையின் நுட்பத்தை எழுத்தில் வைத்தல் அவசியம். ஏனெனில் இதனை ‘பூசி மெழுகுதல்’ எனக் கருதுவோர், அதில் அடங்கிய அறிவினை அறியார்.

முதலில் துருவைத் தேடல் வேண்டும். வெளியே ஒரு சதத்தின் அளவிலே தோன்றும் ஓட்டை, வர்ணத்தின் கீழ் உள்ளங்கையளவு பரந்திருக்கும். கூரிய முனையினால் தட்டித் தட்டி, ஒலி மாறும் எல்லை வரை சென்று, நலிந்த தகடு முழுவதையும் வெட்டி நீக்குவர். வெட்டிய வாயின் மூலைகளைக் கூராக விடுவதில்லை, வளைத்தே வெட்டுவர். கூரிய மூலையில் விசை குவிந்து வெடிப்புத் தோன்றும் என்பது பொறியியலாளர் ஏட்டிற் கற்பது. டின்கர் கண்டு கற்றது.

அடுத்து, வாயின் விளிம்பினைச் சுத்தியலால் தட்டி ஒரு தகட்டின் தடிப்பளவு உட்பதியச் செய்வர். அதன்மேல் அமரும் ஒட்டுத்தகடு வெளிப்பரப்புடன் சமமாயிருத்தற்கே இது. ஒட்டுத்தகடு எண்ணெய்ப் பீப்பாயிலிருந்தோ கைவிடப்பட்ட வண்டியின் கூரையிலிருந்தோ வெட்டப்படும். பழைய தகடும் புதிய தகடும் ஒன்றையொன்று ஓர் அங்குலத்துக்குக் குறையாது கவிந்திருத்தல் வேண்டும். இருபரப்புகளும் உலோகம் பளபளக்கும் வரை தேய்க்கப்பட்டு, எண்ணெய்ப் பசையறத் துடைக்கப்படும். துடைத்தபின் அவ்விடத்தில் விரல் படலாகாது. பசை தோற்பதற்கான முதற்காரணம் பசையன்று, பரப்பே என்பதை அனுபவம் மிக்கோர் அறிவர்.

பின்னர்ப் பிசினுடன் உறையூக்கி கலக்கப்படும். பொலியெஸ்ரராயின் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு போதும். கூடினால் கிண்ணத்திலேயே கொதித்து உறைந்துவிடும். குறைந்தால் ஒட்டாது பிசுபிசுக்கும். கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ளது. இரு பருவக்காற்றுகளிலும் மழை பெறுவது. மார்கழிக் குளிர் காலையில் வேண்டிய அளவும், சித்திரை நண்பகலில் வேண்டிய அளவும் ஒன்றல்ல. டப்பாவின்மேல் அச்சிடப்பட்ட அளவு ஐரோப்பியப் பட்டறைக்குரியது. அதனைக் கண்டியின் வானிலைக்கு ஏற்ப மாற்றியது யாரும் எழுதி வைக்காத அறிவு. ஈரம் படர்ந்த தகட்டில் ஒட்டுவதில்லை. மழை ஓயும்வரை காத்திருப்பர், அல்லது விளக்கனலில் தகட்டினை உலர்த்துவர்.

ஒட்டு எங்கே வெல்லும், எங்கே தோற்கும் என்பதும் அறியப்படல் வேண்டும். இரு தகடுகளையும் அவற்றின் பரப்புக்குச் சமாந்தரமாக இழுக்கும் விசையை ஒட்டு நன்கு தாங்கும். அவ்விசை பரப்பு முழுவதிலும் பகிரப்படுகின்றது. ஓரத்தைப் பிடித்து உரிக்கும் விசையை அது தாங்காது. அப்போது முழுவிசையும் ஒரு கோட்டிலே குவிகின்றது. ஆதலினால் ஓரங்களில் இரண்டொரு தறையாணிகளைச் சேர்ப்பதும், கண்ணாடி நார்ப் பாயினை உட்புறத்தே படியச் செய்வதும் வழக்காயின. பொலியெஸ்ரர் உறையும்போது பருமனிற் சுருங்குவதால் உலோகத்தின்மேல் அதன் பிடி தளரும். எபொக்சி மிகக் குறைவாகவே சுருங்குவது, ஆயின் விலை கூடியது. லாண்ட் றோவரின் அலுமினியத் தகட்டிற்கு உருக்கு ஒட்டு இடின், ஈரம் புகுந்த இடத்தில் அலுமினியம் அரிக்கப்படும். இரண்டுக்கும் இடையே பசை இடைவெளியின்றிப் பரவியிருந்தால் அதுவே காப்பாகவும் அமையும்.

1970களில் அவுஸ்திரேலியாவின் மெல்பேணில் அலன் பேக்கர் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் வெடிப்புற்ற இராணுவ விமானத் தகடுகளுக்கு நார் வலுவூட்டிய ஒட்டுகளை எபொக்சியினால் ஒட்டும் முறையினை வகுத்தனர். ஆணித்துளை புதிய வெடிப்பைத் தோற்றுவிக்கும், ஒட்டு அதனைத் தோற்றுவிக்காது என்பதே அவர்தம் அடிப்படை. அளவையிலும் சோதனையிலும் அம்முறைக்கும் பட்டறை ஒட்டுக்குமிடையே மலையளவு வேறுபாடு உண்டு, அதனை மறுப்பதற்கில்லை. ஆயின் பரப்பினைத் தூய்மையாக்கல், மூலையை வளைத்தல், ஓரத்தை மெலிவித்தல் ஆகிய தத்துவங்கள் ஒன்றே. ஒன்று ஆய்வேடாயிற்று, மற்றையது ‘தகர வேலை’ எனப்பட்டது. இவ்வேறுபாடு அறிவின் தன்மையாலன்றி, அறிவை உடையோரின் வர்க்க நிலையாலும் நிருணயிக்கப்படுகின்றது என்பது மனங்கொளத்தக்கது.

6. தடையும் தகரமும்

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியபோது மோட்டார் வண்டி இறக்குமதி கடுமையாக மட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரையான ஆட்சியில் இக்கட்டுப்பாடு மேலும் இறுகியது. 1950களில் வந்த ஒஸ்ரின், மொறிஸ், போர்ட், பூஜோ வண்டிகள் முதுமையடைய உரிமையற்றனவாயின. அவற்றின் தாயகத்தில் அவை பழைய இரும்புக் குவியலுக்குச் சென்றுவிட்ட பின்னரும், கண்டியில் அவை தோட்டத்துக்கும் நகருக்குமிடையே ஓடின. புதிய மட்கார்டும் கதவும் கிடையா. கிடைப்பினும் விலை எட்டாது. உழைப்போ மலிவு. பொருள் அரிதாகி உழைப்பு மலியும் இடத்தில் ஒட்டு வேலை செழித்தல் பொருளாதார நியதியாகும்.

1977இன் பின்னர்ப் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. பயன்படுத்தப்பட்ட யப்பானிய வண்டிகளும், அவற்றிலிருந்து வெட்டியெடுத்த முழுப்பாகங்களும் வந்து குவிந்தன. ஒட்டுவதனினும் கதவையே மாற்றிவிடுதல் இலாபமாயிற்று. ஆயின் ஒட்டு வேலை அழியவில்லை; வசதி குறைந்தோரின் வண்டிகளை நோக்கி அது கீழிறங்கியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022இன் பொருளாதார வீழ்ச்சி அதனை நீடிக்கச் செய்தது. 2025இன் தொடக்கத்திலேயே தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. அவ்வைந்தாண்டுகளிற் பழைய வண்டிகளின் விலை உயர்ந்தது; கைவிடப்பட்டவை மீட்கப்பட்டன; மறந்த கைகள் மீண்டும் அழைக்கப்பட்டன. அரை நூற்றாண்டுக்கு முன்னைய நிலைமை புதிய உருவில் மீண்டது.

ஆகவே கண்டியில் ஓடும் ஒரு பழைய மொறிஸ் மைனரின் கதவடியைச் சுரண்டின் அதனை ஓர் ஏடாகவே வாசிக்கலாம். அடியில் ஈயம், அதன்மேற் கட்டலோய், அதன்மேல் வேறொரு காலத்து எபொக்சி. ஒவ்வொரு அடுக்கும் ஒரு வரவுசெலவுத் திட்டத்தின் விளைவு. எமது ஆவணக் காப்பகங்களில் இல்லாத சான்று இது.

இங்கு ஒரு முரணும் குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் வண்டிகளைப் புதுப்பிக்கும் நிலையம் நடத்திய சாள்ஸ் வெயர், அவ்வண்டிக்குரிய உடற்தகடுகளை இலங்கையிற் கையால் செய்விக்கும் கூட்டு முயற்சியில் 1990களில் ஈடுபட்டார். தாயகம் கைவிட்ட தகட்டினைச் செய்யும் கைகள் இங்கேதான் எஞ்சியிருந்தன. ஆக்கம் அங்கே, பேணல் இங்கே என்னும் பழைய வாய்பாடு ஒரு கணம் தலைகீழானது. ஒட்டுப் போடக் கற்றவன் முழுத்தகட்டையும் செய்ய வல்லவனாயிருந்தான், வாய்ப்பே இல்லாதிருந்தது.

7. ஒட்டின் எல்லைகளும் தொழிலாளியும்

இவ்வேலையைப் போற்றுவதோடு அமைதல் நேர்மையாகாது. ஒட்டுப் போடலாகாத இடங்கள் உண்டு. மட்கார்ட், கதவின் வெளித்தகடு, பெட்டிமூடி ஆகியன பாரம் தாங்காதவை. அங்கு ஒட்டுத் தகும். அடிச்சட்டம், கதவுக்கடியிலுள்ள பெட்டிச்சட்டம், கதவுப் பிணையல் தாங்கும் தூண், சில்லுத் தொங்கல்கள் பொருந்தும் இடங்கள் ஆகியன உயிர்நிலைகள். தனிச்சட்டமற்ற கார்களில் இவையே முழுப்பாரத்தையும் தாங்குவன. அங்குத் துருவின்மேற் பசையைப் பூசி வர்ணம் தீட்டுதல், கடுகண்ணாவை இறக்கத்தில் ஒரு குடும்பத்தின் உயிரைப் பணயம் வைத்தலாகும். நவீன தொழிற்சாலைகள் இத்தகைய பாகங்களையும் பசையால் இணைக்கின்றன என்பது உண்மையே. ஆயின் அவை அதற்கென அமைத்த பசையும், வெப்ப உலையும், சோதனையும் உடையவை.

இவ்வெல்லையை டின்கர் அறியாதவரல்லர். விற்பனைக்காக வண்டியை அழகுபடுத்தக் கேட்கும் உடைமையாளரும் தரகருமே அவ்வெல்லையை மீறுமாறு நெருக்குவோர். காந்தம் ஒட்டாத கதவு எத்தகையது என்பதை வாங்குவோர் பிற்காலத்திற் கற்றுக்கொண்டனர். மறைக்கும் ஒட்டுக்கும் காக்கும் ஒட்டுக்குமிடையே பொருளில் வேறுபாடில்லை, நோக்கிலேயே வேறுபாடு. அந்நோக்கினை நிருணயிப்பவர் பெரும்பாலும் கூலி கொடுப்பவரே.

இவ்வேலையின் விலையையும் தொழிலாளியே கொடுக்கின்றார். பிசினிலிருந்து எழும் ஸ்ரைரீன் ஆவி மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் விளைவிக்கக்கூடியதென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2018இல் வகைப்படுத்தியது. கண்ணாடி நாரின் தூள் தோலையும் தொண்டையையும் அரிக்கின்றது. இருபொருட் கலவை வர்ணங்களில் உள்ள ஐசோசயனேற்று ஈளை நோய்க்குக் காரணமாகின்றது. வாயில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு இவற்றிடையே நிற்கும் பதினெட்டு வயதுப் பயிலுநனுக்கு இவற்றின் பெயர்களும் தெரியா.

இப்பயிலுநர் யார்? கண்டிப் பட்டறைகளிற் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே உழைக்கின்றனர். தோட்டத்து லயங்களிலிருந்து கொழுந்துக் கூடையையும் கவ்வாத்துக் கத்தியையும் விட்டு நகருக்கு வந்த இளைஞரும் அவருள் அடங்குவர். 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்கு அரச உத்தியோகம் எட்டாதிருந்தது. சான்றிதழ் கேளாத பட்டறை எட்டியது. போக்குவரத்துச் சபைத் தொழிலாளரின் பயிற்சிக்கென 1959இல் ஜேர்மனிய உதவியுடன் பயிற்சி நிலையம் தோன்றியது. 1971இல் தேசிய பயிலுநர் சபை சட்டமாயிற்று. ஆயின் சிறு பட்டறையில் ‘கையாளாக’ச் சேர்ந்து, தேநீர் வாங்கி, தகடு தேய்த்து, ஆண்டுகள் கழிந்தபின் சுத்தியலைத் தொட்டவனை இவை பெரும்பாலும் சென்றடையவில்லை.

பட்டறை மொழியில் இன எல்லைகள் கரைந்தன என்பர். ஆங்கிலக் கருவிப்பெயரும் ஒல்லாந்தப் பட்டமும் சிங்கள வினையும் தமிழ் விளியும் ஒரே வாக்கியத்திற் கலத்தல் அங்கு இயல்பே. ஆயினும் 1983 யூலையிற் கண்டி நகரிலும் தமிழர் கடைகள் எரிந்தன என்பதை மறந்து இக்கலப்பைப் பாடுதல் ஆகாது. உழைப்பு உண்டாக்கும் ஒற்றுமை உண்மையானது. அது தானாகவே போதுமானதன்று.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று செய்திகள் புலனாகின்றன. முதலாவதாக, கண்டிப் பட்டறைகளின் ஒட்டு வேலை, ஆக்கம் மறுக்கப்பட்ட ஒரு பொருளாதாரத்தின் விளைவு; அதன் ஏற்ற இறக்கம் இறக்குமதிக் கொள்கையின் ஏற்ற இறக்கத்தைத் தொடர்கின்றது. இரண்டாவதாக, அவ்வேலை வெறும் பின்பற்றல் அன்று. வானிலைக்கும் பொருளுக்கும் வண்டிக்கும் ஏற்ப வளர்ந்த, எழுதப்படாத ஓர் அறிவுத் தொகுதி. மூன்றாவதாக, அவ்வறிவினை உடையோர் அதன் பயனைப் பெற்றதினும் அதன் நஞ்சினையே மிகுதியும் பெற்றனர்.

மின்கலத்தால் இயங்கும் வண்டிகளும், அலுமினிய உடல்களும், நவீன பசைகளும் பரவும் காலம் இது. ஈயம் பூசத் தெரிந்த கடைசித் தலைமுறை முதுமையடைந்துவிட்டது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்துக்கும் கண்டிப் பட்டறைகளுக்குமிடையே சில கல் தொலைவே உளது; அத்தொலைவைக் கடந்து சென்று அவர்தம் சொற்களையும் செய்முறைகளையும் பதிவுசெய்தல் எமது மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். செல்வோர் குறிப்பேட்டுடன் சில முகக்கவசங்களையும் கொண்டு செல்வது நன்று. அறிவைப் பெற்றுக்கொள்ளும் ஆய்வு, அறிவைத் தருபவரின் மூச்சினைப் பற்றியும் கவலை கொள்ளல் வேண்டும்.